அத்தையைத் தீயில் போடாதே

மகளுக்கு அப்பா சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதுவது. நான் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய், தினமும் ராத்திரி உன் பேர் டிவியில் ஓடுகிறது, அதனால் விசாரிக்கவில்லை. உன் அத்தை நலமில்லை. காய்ச்சல் இல்லை, மூட்டுவலி இல்லை, நீ எழுதுகிற சீரியல்தான் அவளுக்கு வந்திருக்கிற நோய். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசிவிடுவாய், பேச்சில் உன்னை யாரும் ஜெயிக்க முடியாது, அதனால்தான் கடுதாசி.

உன் சீரியலில் ஒரு பெரியத்தை வருகிறாளே, கல்யாணமாகாதவள், அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டு, குண்டூசியைப் பல்லில் கடித்தபடியே பேசி, எல்லாரையும் தங்கக்கட்டி என்று கூப்பிட்டுக் குடியைக் கெடுக்கிறவள், அவள் யார் என்று கண்டுபிடிக்க இந்தக் கட்டடத்தில் யாருக்கும் மூளை தேவைப்படவில்லை. உன் அத்தையே சொல்லிவிட்டாள். முதல் நாள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்து, வீடு வீடாகப் போய், "நம்ம புள்ள என்னை டிவியில போட்டிருக்கா, வந்து பாருங்க" என்று தம்பட்டம் அடித்துவிட்டு வந்தாள். அப்போது அந்தப் பெரியத்தை நல்லவளாக இருந்தாள். பத்து நாள் கழித்துத்தான் நீ அவளை மருமகளின் பாலில் எதையோ கலக்க வைத்தாய்.

இந்தக் கட்டடத்தில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் முதல் சட்டை அத்தை தைத்ததுதான், துவைத்து மெலிந்த துணியில், தையல் உடம்பில் உறுத்தாமல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி. கீழ்வீட்டு வாத்தியாரம்மாவுக்குப் போன மாதம் பேரன் பிறந்தான். சட்டையை எடுத்துக்கொண்டு போனால், அந்த அம்மாள் கதவைச் சங்கிலியோடு திறந்து, "ஆஸ்பத்திரியிலயே எல்லாம் குடுத்துட்டாங்க, உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றாளாம். குழந்தையைக் காட்டவே இல்லை. தண்ணீர் கேன் போடுகிறவன் மாடிப்படியில் வழிவிட்டு நின்று, "என்ன பெரியத்த, இன்னைக்கு யார் வீட்டுப் பாலு" என்று கேட்டிருக்கிறான், விளையாட்டுக்குத்தான் கேட்டான், இவளும் சிரித்துவிட்டு வந்தாள். மேல்மாடி நர்ஸ் அளவு கொடுக்க வந்தாள், அத்தை வழக்கம்போல டீ போட்டுக் கொடுத்தாள், ஆறட்டும் என்று ஜன்னலோரம் வைத்த நர்ஸ் அதைத் தொடாமலே அவசரம் என்று எழுந்து போய்விட்டாள். உன் அத்தை அந்த டீயை எடுத்துத் தானே குடித்தாள்.

போன தடவை போனில் என்ன சொன்னாய், "அப்பா, ஜனங்க கேக்கறதத்தான் நாங்க குடுக்கறோம், அவங்க மனசுல இல்லாததையா எழுதிட்டேன்" என்றாய். யாரிடம் சொல்கிறாய். நீ பிறப்பதற்கு முன்பிருந்து தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவன் நான். உள்ளே போகிற முகமும் தெரியும், வெளியே வருகிற முகமும் தெரியும். எங்கள் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தவருக்குத் திக்குவாய், பல வருஷம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஒரு படத்தில் திக்குவாய்க்காரன் ஒருத்தனைக் கோமாளியாக விட்டார்கள். அன்றைக்கு மாலை ஆட்டம் விட்டதும் வண்டி எடுக்க வந்தவனெல்லாம் அவரிடம் திக்கித் திக்கிப் பேசினான், பெண்டாட்டி பிள்ளையோடு வந்தவன்கூட. படம் போனபிறகும் அவர் வாயைத் திறக்கவில்லை, விரலைக் காட்டித்தான் காசு வாங்கினார். ஜனங்கள் மனசில் இருந்ததைத்தான் அந்தப் படம் எடுத்தது, இல்லை என்று நான் சொன்னேனா. சிரிக்க ஆசைப்பட்டு அடக்கிக்கொண்டிருந்தவனுக்கு, சிரிக்கலாம் தப்பில்லை என்று அது சொல்லிவிட்டது. பிள்ளை பெறாதவள் கையில் குழந்தையைக் கொடுக்கத் தயங்குகிற புத்தி வாத்தியாரம்மாவுக்கு முன்பே இருந்திருக்கும். வெட்கப்பட்டு உள்ளே வைத்திருந்தாள். அந்த வெட்கத்தை நீ பிடுங்கிப் போட்டாய், அதற்கு உனக்குச் சம்பளம் வேறு.

கெட்டவராகப் போட உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா. படிக்கட்டில் பெண்பிள்ளைகளை உரசிக்கொண்டு இறங்குகிற இரண்டாம் மாடிக்காரனை உனக்கே தெரியும், நீயே ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாய். அவனை எழுதேன். அவன் உன் சீரியலை ஒரு நாள் விடாமல் பார்க்கிறான், பெரியத்தையைக் காறித் துப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான்.

கவலைப்படாதீங்க அப்பா, கடைசியில் அவள் திருந்திவிடுவாள், குழந்தையைக் காப்பாற்றத் தீயில் பாய்ந்து செத்துப்போவாள், எல்லாரும் அழுவார்கள் என்று எனக்குச் சமாதானம் சொன்னாய். கல்யாணம் ஆகாதவள் நல்ல பேர் வாங்க வேண்டுமானால் வெந்து சாக வேண்டுமா. அவளைத் தீயில் போடாதே. பாலில் கலந்தது அவள் இல்லை என்று ஒரு நாள் காட்டிவிட்டு, சும்மா விடு. தைக்கட்டும், சாப்பிடட்டும், மத்தியானம் கொஞ்சம் படுத்து எழுந்திருக்கட்டும். இந்த இடத்தில் மருந்துக்கடைக்காரர் பேனாவை நிறுத்தி, "அப்ப பால்ல கலந்தது யாருங்க" என்று என்னைக் கேட்கிறார். என் தலையெழுத்து, இவரை வைத்துக்கொண்டுதான் நான் உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது.

ஊர் பேசுவதை நான் தாங்கிக்கொள்வேன். நேற்று சீரியல் நேரத்தில் டிவி போடவில்லையே என்று கேட்டதற்கு அவள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "அண்ணே, புள்ள சும்மா எழுத மாட்டா, எனக்கே தெரியாம அவளுக்கு ஏதோ பண்ணியிருக்கேன்" என்கிறாள். உன் அம்மா போன பிறகு உனக்குத் தலைவாரிவிட்டதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சிக்கெடுக்கும்போது இழுத்திருப்பேனோ, பள்ளிக்கூட நாடகத்துக்கு வராமல் தையலை முடிக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேனே அதுவோ என்று குடைந்துகொண்டிருக்கிறாள். அதெல்லாம் இல்லை என்று நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். எழுதினவள் நீ. அதனால் என்னைக் கூப்பிடாதே, எனக்கு உன்னோடு பேச ஒன்றும் இல்லை, அவளைக் கூப்பிடு. உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று அவள் கேட்பாள், ரேட்டிங் அது இது என்று அளக்காமல் அதற்கு மட்டும் உன் வாயால் பதில் சொல்.

ஆசீர்வாதம் இல்லாமல் பிள்ளைக்குக் கடுதாசி முடிக்கக் கூடாது என்று மருந்துக்கடைக்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில்தான் இருப்பாள், இப்போதெல்லாம் எல்லா நாளும் இருக்கிறாள், மறந்துவிடாதே. உனக்கு ஒரு வரி சொல்லச் சொல்லி அவளையும் கேட்டேன். மிஷினை நிறுத்தாமலே, "வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க, நான் சொன்னதா போட வேண்டாம்" என்றாள். போடச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது கைப் பெருவிரல் ரேகை)