நீ அனுப்பிய ரிசீவரைப் பற்றி என் உண்மையான அபிப்பிராயம்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
புதன்கிழமை காலை.

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு அப்பா இனிகோ ஆசீரோடு எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருப்பதால் பாதிச் சுகம் என்று வைத்துக்கொள். நீயும் மருமகன் பெவினும் அந்த வெளிநாட்டுக் குளிரில் நல்ல சுகத்தோடு இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பதறாதே. போன் இருக்கிறது, ஆனால் அது உன் அம்மா கையில் இருக்கிறது. நான் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எனக்கு முன்னால் அவள் வாசித்துவிடுவாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்குத் தபால் ஆபீசை விட்டால் வேறு வழியில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ கேட்டாய் அல்லவா, மருமகனும் நீ எங்களுக்கு அனுப்பிய டிவி சவுண்டுப் பெட்டியை, அதான் இதே ரிசீவரை, உங்கள் புது வீட்டுக்கு வாங்கலாம் என்கிறார், வாங்கி வைத்திருக்கிறவர்கள் அபிப்பிராயம் என்ன என்று விசாரித்துச் சொல்லுங்கள் அப்பா என்று. சத்தம் பிரமாதம், தாராளமாக வாங்கச் சொல் என்று நானும் சொன்னேன். மகளே, நான் அதைச் சொன்ன அன்று அந்தப் பெட்டி நின்றுபோய் நான்கு மாதம் ஆகியிருந்தது. நீ வீடியோவில் கேட்டதெல்லாம் டிவியின் சொந்தச் சத்தம். பெட்டியின் மேல் உன் அம்மா பின்னிய துணியைப் போட்டு, அதன் மேல் மாதா சுரூபத்தை வைத்து மறைத்திருக்கிறேன்.

பெட்டியைக் குறை சொல்ல முடியாது. மே மாதம் வந்து இறங்கியபோது ஐந்து ஸ்பீக்கரையும் அந்தப் பெரிய பாஸ் டப்பாவையும் நானே வயர் இழுத்து மாட்டினேன். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் எலக்ட்ரீசியனாக இருந்தவனுக்கு இது ஒரு வேலையா. ஒரு மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு வீட்டில் எல்லாரும் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் அறையை அளந்து சத்தத்தைச் சரி செய்வேன் என்றது பெட்டி. உன் அம்மாவை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா, மூன்று தடவை முயன்று நான்காவது தடவை அவளைக் குசினிக்கு அனுப்பித்தான் முடிந்தது. ஆனால் முடிந்த பிறகு கேட்ட சத்தம் இருக்கிறதே, டிவியில் பூசை பார்த்தபோது பீடத்து மணி நம் வீட்டுக்குள்ளேயே அடித்தது போலிருந்தது. பாஸ் அடித்தால் குசினித் தட்டில் எவர்சில்வர் டம்ளரெல்லாம் கிணுகிணுக்கும். பேச்சு தெளிவாகக் கேட்கும். கொஞ்சம் சூடாகும், மேலே காற்று போக இடம் விட வேண்டும். இவ்வளவும் உண்மையான அபிப்பிராயம், மருமகனிடம் சொல். ஐந்தாம் நாளே நீ சொல்லிக் கொடுத்தபடி இன்டர்நெட்டில் ஐந்து நட்சத்திரம் போட்டு, கடற்கரை ஊருக்கு ஏற்ற பெட்டி, உப்புக் காற்றுக்கும் அசையாது என்று எழுதினேன். ஐந்து நாளில் உப்புக் காற்றைப் பற்றி எனக்கு என்ன தெரிந்தது என்று நீயாவது கேட்டிருக்கலாம்.

அதை எழுதியதோடு நிறுத்தினேனா, இல்லை. மகள் அனுப்பியது என்ற பெருமையில் வருகிறவன் போகிறவனை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். கிரேன் இனிகோ சொன்னால் சரியாக இருக்கும் என்று மூன்று பேர் இதே பெட்டியை வாங்கினார்கள். ஒருவர் பின் தெருவில் இருக்கிற ரிட்டயர்டு வாத்தியார் ஜெயசிங், நாசரேத்துக்காரர். இரண்டாவது, உப்பு லாரி வைத்திருக்கிற சுடலைக்கண்ணன். மூன்றாவது திரேஸ்புரத்தில் விசைப்படகு வைத்திருக்கிற என் கூட்டாளி டெரன்ஸ்.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் செபமாலை முடிந்து பெட்டியைப் போட்டேன், டிக்கென்று ஒரு சத்தம், முன்னால் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது, அதோடு சரி. அடுத்த வாரமே டெரன்ஸ் வீட்டுப் பெட்டியும் அப்படியே போயிற்று. அவன் வாசலில் வந்து நின்று, "நீரு சொன்னீருன்னுதான வோய் வாங்குனேன், இப்ப வந்து பாரும், பொணம் மாதிரி கெடக்கு" என்று தெருவே கேட்கும்படி சொன்னான். உப்புக் காற்று என்றேன். அசையாது என்று எழுதின வாயாலேயே சொன்னேன். அவன் அன்றைக்கு முறைத்தவன்தான், இன்றுவரை கோவிலில் பார்த்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறான். அது கிடக்கட்டும், அவன் ஆம்பளை, தாங்குவான். நான் எழுத வந்தது உன் அம்மாவைப் பற்றி.

பெட்டி நின்ற அன்று உன் அம்மா அழுதாள். மகள் அனுப்பிய சாமான், அதுவும் சாமியார் மந்திரித்த சாமான், இருபது நாளில் உயிரை விட்டதென்றால் அது உனக்கு ஏதோ வரப்போகிறது என்று காட்டுவதற்குத்தான் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. சர்வீஸ்காரனைக் கூப்பிடுகிறேன் என்றால், "மாதா காட்டுததுக்கு மெக்கானிக் என்ன செய்வான்" என்றாள். அன்று முதல் செவ்வாயும் வெள்ளியும் ஒருசந்தி. ராத்திரி ஒரு வேளைச் சாப்பாடு, மற்றபடி தண்ணீர். நீ வந்து மாதா முன்னால் நிற்கிற வரைக்கும் விடமாட்டேன் என்று நேர்ந்திருக்கிறாள். முட்டுவலிக்காக இருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னாளே, அது பொய். பெட்டி நின்றதைச் சொன்னால் நீ பயந்துவிடுவாய் என்று என்னையும் வாயைத் திறக்க விடவில்லை. சுகர் மாத்திரையை மட்டும் விடுவதில்லை, வெறும் வயிற்றில் போடுகிறாள். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், சத்தம் போட்டுப் பார்த்தேன், அவள் உன் அம்மா, கேட்பாளா.

நீ அபிப்பிராயம் கேட்ட பிறகு, சும்மா சொல்லக் கூடாது என்று டெரன்ஸை விட்டு மற்ற இரண்டு வீட்டுக்கும் போய் விசாரித்தேன். ஜெயசிங் சார், "நல்லாத்தான் இருக்கு பிரதர், ஆனா அந்த ரிமோட்டப் படிக்கதுக்கு இன்னொரு பி.எட். படிக்கணும்" என்று சொல்லி, கீர்த்தனை போட்டுக் காட்டினார். ஒரு கரகரப்பு இல்லை. சுடலைக்கண்ணன் வீடு உப்பளத்தை ஒட்டியே இருக்கிறது, வீட்டு சன்னல் கம்பி எல்லாம் துருப்பிடித்து உதிர்கிறது, அவன் பெட்டியோ முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு ஜம்மென்று பாடுகிறது. "அண்ணாச்சி, இதுவரைக்கும் ஒரு நாளும் நின்னதில்ல, நீங்க சொன்னது சொன்னதுதான்" என்று எனக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தான். அந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். உப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டி நன்றாக இருக்கிறது, தள்ளி இருக்கிற என் பெட்டி செத்துக் கிடக்கிறது என்றால் காரணம் காற்று இல்லை. ஜெயசிங் சார் புரோட்டஸ்டண்ட் வேதக்காரர், அவர்கள் ஜெபம் மட்டும் பண்ணுவார்கள். சுடலைக்கண்ணன் பொட்டு வைத்ததோடு சரி. எங்கள் இரண்டு வீட்டில்தான் தீர்த்தம்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். பெட்டி வந்த மூன்றாம் நாள் பங்குச் சாமியார் வந்து செபம் சொல்லி மந்திரித்துவிட்டுப் போனார். அவர் தெளித்த தீர்த்தம் டிவி மேலும் என் சட்டை மேலும் விழுந்ததே தவிர ரிசீவர் மேல் விழவில்லை. "ஒரு சொட்டுகூட படலயே" என்று உன் அம்மா சாயங்காலம் வரைக்கும் புலம்பினாள். எனக்கு எரிச்சல். ஈஸ்டர் பாஸ்காவுக்கு மந்திரித்து வாங்கி வைத்திருந்த தீர்த்தப் பாட்டிலை எடுத்து, நானே தெளிக்கிறேன் போதுமா என்று பெட்டிக்கு மேலே கவிழ்த்தேன். மூடி லூசாக இருந்திருக்கிறது. பாதிப் பாட்டில் மேலே உள்ள காற்று ஓட்டைகள் வழியாக உள்ளே போயிற்று. கரண்டு இல்லை, அணைத்துத்தான் வைத்திருந்தேன், அவசரமாகத் துடைத்துவிட்டு ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டேன். மறுநாள் போட்டதும் பாடியது, எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் டெரன்ஸ் வீட்டுக்கும் போய், என் பெட்டிக்கே ஊற்றினேன் என்று இந்தக் கையாலேயே அவன் பெட்டிக்கும் தாராளமாக ஊற்றினேன். நம் பங்கில் தீர்த்தத்துக்கு உப்புப் போட்டு மந்திரிக்கிற வழக்கம் என்பது உனக்குத் தெரியும். சுடலைக்கண்ணன் வீட்டிலிருந்து வந்த அன்று உன் அம்மா கோவிலுக்குப் போன நேரம் பார்த்துத் திருகாணியைக் கழற்றினேன். உள்ளே சர்க்யூட் பலகையில் அந்த ஓட்டைகளுக்கு நேர் கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, சுற்றிலும் பச்சைக் களிம்பு. கரண்டு சாமான் பக்கம் ஈரக் கையோடு போனதற்காக உன்னைச் சின்ன வயதில் அடித்தவன் நான். மூடித் திருகிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை மகளே. நாலு மாதமாக அவள் பட்டினி கிடந்தது என் கை செய்த காரியத்துக்கு என்று எந்த முகத்தோடு சொல்வேன். அதோடு தீர்த்தத்தால் கெட்டது என்று சொன்னால் அவளுக்கு அது வேறு மாதிரிப் போய் விழுமே என்றும் பயம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இத எங்கிட்ட எதுக்கு சொல்லுதீரு, உம்ம வீட்டு ஞானசௌந்தரியம்மாகிட்ட போய்ச் சொல்லும்" என்றார், அபராதமாக மூன்று அருள் நிறை மந்திரம். மந்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டேன், மற்றது நிற்கிறது. வீட்டுக்குள் போனால் அவள் முகம், வெளியே வந்தால் டெரன்ஸ், போனை எடுத்தால் நீ. எனக்கு மூச்சு விட ஒரு பக்கமும் இல்லை. கிரேன் கூண்டுக்குள் நாள் முழுக்க ஒற்றையாக நின்று வேலை பார்த்திருக்கிறேன், அங்கேகூட இப்படி இருந்ததில்லை.

போன வெள்ளிக்கிழமை பூசையில் நன்மை, அதான் நற்கருணை, வாங்க நின்ற வரிசையிலேயே உன் அம்மா சாய்ந்துவிட்டாள். பயப்படாதே, இப்போது எழுந்து நடக்கிறாள். பின்னால் நின்ற பெண்கள் தாங்கிக்கொண்டார்கள், ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், சுகர் ரொம்ப இறங்கிவிட்டது என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு இனிப் பட்டினி கிடந்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா சொன்னார்கள். அவர்கள் முன்னால் தலையை ஆட்டினாள். நேற்று செவ்வாய்க்கிழமை, மறுபடியும் ஒருசந்தி. நான் தட்டோடு பக்கத்தில் நின்றேன், "எம்பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க தருவீங்களா" என்று கேட்டாள். அப்போதும் நான் சொல்லவில்லை. தட்டைக் குசினியில் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொல்லப் போனால் பாதியில் உப்புக் காற்று, கரண்டு என்று எதையாவது சொல்லித் தப்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். எழுதினதை அப்படியே வாசிக்கலாம். நாளைக்கு அவள் காலைச் சாப்பாடு முடிந்ததும் இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து அவளிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கவரை ஒட்டுவேன். இது உன் கைக்கு வந்து சேர்ந்தால் நான் வாசித்துவிட்டேன் என்று தெரிந்துகொள். இன்டர்நெட்டில் நான் போட்ட நட்சத்திரத்தை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை, நீ எடுத்துவிடு, அல்லது பெட்டியின் மேல் குற்றமில்லை, வைத்திருந்தவன் மேல்தான் குற்றம் என்று சேர்த்து எழுதிவிடு. டெரன்ஸுக்கு நான் வேறு பெட்டி வாங்கிக் கொடுக்கப்போகிறேன், அதை அவன் தலையைத் திருப்பாமல் வாங்கிக்கொண்டால் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு. டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது காதை மூடிக்கொள், சளி பிடிக்கும். செபமாலையை விடாதே. மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல். பனிமய மாதா உங்கள் இரண்டு பேரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாளாக. என் தப்புக்கு நீயும் கோபிக்காமல் இரு.

உன் அப்பா,
ச. இனிகோ.

ஜெஸ்லின், இது அம்மா எழுதுவது. வெள்ளிக்கிழமை. நேற்று உன் அப்பா வாசித்தார். நடுவில் இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்று காலையில் நாலு இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டேன், அவர்தான் தட்டு வைத்தார், வாங்கிக்கொண்டேன். அவரோடு பேசத்தான் இன்னும் மனசு வரவில்லை, வரும். உன்னைப் பற்றி எனக்கு இருக்கிற பயம் பெட்டி நின்றதால் வந்ததாக இருந்தால் நேற்றே போயிருக்க வேண்டும். போகவில்லை. பெட்டி நிற்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசும்போது குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. என்னம்மா என்று கேட்டதற்குப் பாத்திரம் கழுவுகிறேன் என்றாய். ஒரு பாத்திரம் உருண்ட சத்தமும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் நீ குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, வீட்டில் யார் காதிலும் விழக் கூடாது என்பது போல மெதுவாகத்தான் பேசுகிறாய். மருமகன் எங்கே என்று கேட்டால் உடனே போனை வைத்துவிடுகிறாய். இதை நான் உன் அப்பாவிடம் சொன்னதில்லை, எனக்கும் எழுத இன்றைக்குத்தான் தைரியம் வந்தது. அவர் உண்மையை எழுதிவிட்டார். இனி அங்கே என்ன நடக்கிறது என்று நீ எழுது. வேலைக்குப் போகிற இடத்தில் உட்கார்ந்து எழுது. யார் கையிலும் கொடுக்காமல் நீயே போய்த் தபாலில் போடு.

அம்மா.