அமலு வைத்த கைநாட்டு

என் அமலோற்பவத்துக்கு, என் சண்டைக்காரிக்கு, என் சம்பந்திக்கு,

கல்லறைத் திருநாள் வருகிறது. இந்த வருஷம் நம் பங்கு இதழில், இறந்துபோனவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம் என்று சாமியார் பூசை முடிவில் அறிவித்தார். ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு ஒரு பக்கம் போதாது, வேண்டுமானால் அவர் வெட்டிக்கொள்ளட்டும். உனக்குத்தான் படிக்கத் தெரியாதே, எவள் படித்துச் சொல்வாள் என்று கேட்காதே. நீ இருக்கும் இடத்தில் எல்லாம் தெரியும் என்கிறார்கள். அப்படியானால் நான் எழுதப்போவதும் உனக்கு முன்பே தெரிந்திருக்கும், இல்லையா?

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. உன் ரீட்டாவுக்கு இது ஆறாம் மாதம். என் மகன் சேவியருக்கு அவளைக் கட்டிவைத்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பள்ளிக்கூட மைதானத்தில் பாதி நீ, பாதி நான் என்று பெருக்கிக்கொண்டே, மூக்கு ஒழுகிய இரண்டு பிள்ளைகளுக்கும் கல்யாணம் பேசி முடித்தோமே. நீ சும்மா விளையாட்டுக்கு என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டாய். விளையாட்டு நிஜமாகிவிட்டது, பார்க்கத்தான் நீ இல்லை.

ரீட்டா திருமழிசை எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போகிறாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "அத்தே" என்று தெருமுனையிலிருந்தே குரல் கொடுப்பாள். சம்பளம் வாங்கினால் முதலில் எனக்குத்தான் பூ வாங்குகிறாள். உன்னைப் போலவே சிரிப்பு. எதிரே நின்று அவள் சிரிக்கும்போது நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வேன்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். எண்பதுகளில் கரையான்சாவடிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நாம் இரண்டு பேரும் ஆயா வேலை பார்த்தோம். வகுப்பறைகள், மைதானம், பின்பக்கம் வரிசையாக இருந்த கக்கூஸ்கள், எல்லாம் நம் இரண்டு பேர் தலையில். நீ எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவள். கைநாட்டு. நான் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவள், ஆனாலும் பேப்பர் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ரீட்டா அப்பா எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. உனக்கு அவளும் அந்த வேலையும்தான்.

ஆவடியில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில், துப்புரவு வேலை செய்பவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி என்று கடிதம் வந்தது. ஒரு பள்ளிக்கு ஒருவர்தான். போகிறவள் திரும்பி வந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். நீதான் போவாய் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீயும் நினைத்தாய், முந்தின நாளே நல்ல புடவையைத் துவைத்துப் போட்டாய். பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "அங்க எழுதி எடுத்துக்கணும் லூர்து, நீ போ" என்றார். நான் உன்னிடம் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் காலையில் ஆவடி பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே பெஞ்சில் உட்காரவைத்தார்கள், அமலு. பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் வேலை பார்த்தும் நாம் பெஞ்சைத் துடைத்திருக்கிறோமே தவிர உட்கார்ந்ததில்லை. ஒரு அம்மா கரும்பலகையில் எழுதி எழுதி விளக்கினார். கைக்கு உறை, மூக்குக்குத் துணி, எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டுவது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை மூன்று தடவை சொன்னார்: ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் விஷப்புகை, மூடிய அறையில் ஆளையே கொல்லும். நாம் அதைத்தானே செய்துகொண்டிருந்தோம்? ஒரு மருந்துக்குப் போகாத கறை இரண்டும் சேர்ந்தால் போகும் என்று. நெடி மூக்கில் ஏறினால்தான் மருந்து வேலை செய்கிறது என்று. ஜன்னலும் கதவும் திறந்திருந்ததால் பிழைத்துக்கொண்டிருந்தோம். இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான், சத்தியமாகச் சொல்கிறேன், நான் திரும்பி வந்தேன்.

மறுநாள் காலை நான் கேட்டுக்குள் நுழைந்தேன். சத்துணவு அம்மாக்கள், டீச்சர்கள் எல்லோரும் இருந்தார்கள். நீ துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாய்:

"எய்ந்து நில்லுங்கடி எல்லாரும்! டிகிரி வாங்கின ஆயாம்மா வந்துகினு கீறாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய டீச்சரும் சிரித்தார். உன் வாய் அப்படி. உன்னைவிட்டு நான் போனது உனக்கு எவ்வளவு வலித்திருக்கும், அதை நீ சிரிப்பாக மாற்றிக்கொண்டாய், இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மத்தியானம் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சரி சம்பந்தி, இன்னா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாய். நிஜமாகத்தான் கேட்டாய்.

"பெருக்கறதுக்கு இன்னா பாடம்? டீ குடுத்தாங்க, தக்காளி சாதம் குடுத்தாங்க, அனுப்பிட்டாங்க" என்றேன்.

ஒரு நாள் கோபம் என்றால் மறந்திருப்பேன். ஆனால் ஒருவரைத்தான் நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள் என்று ஆபீஸில் பேச்சு அடிபட்டது. பயிற்சி முடித்தவளுக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். தெரிந்தவள் ஒருத்தியாக இருந்தால்தானே அவளுக்கு மதிப்பு? இப்படி ஒரு எண்ணம் எனக்கு வந்தது, அமலு. வந்ததை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் மட்டும் ஆசிட்டையும் பவுடரையும் தனித்தனியாகப் போட ஆரம்பித்தேன். நீ பார்த்துவிட்டு, "இன்னாடி, மருந்தை மிச்சம் புடிக்கிறியா?" என்றாய். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கக்கூஸுக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து பெரிய டீச்சர் ஒரு தாளை நீட்டினார். "கீழ்க்கண்டவருக்கு நான் பயிற்சி அளித்தேன்" என்று டைப் அடித்திருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டும், நீ கைநாட்டு வைக்க வேண்டும். தாள் அன்றைக்கே ஆவடிக்குப் போய்ச் சேர வேண்டுமாம். நீ மையில் கட்டைவிரலை ஒற்றிக்கொண்டே கேட்டாய்: "இது எதுக்குடி?"

"நான் உனக்குக் கத்துக் குடுத்துட்டேன்னு."

"இன்னா கத்துக் குடுத்தே?"

"அப்பால சொல்றேன், வை."

நீ சிரித்துக்கொண்டே வைத்தாய். என்னை நம்பி வைத்தாய். விரலைத் தலையில் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். அப்பால என்று ஒரு நாள் வரவே இல்லை.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் பள்ளிக்கூடமே அமளிப்பட்டது. நான் முன்பக்கம் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நீ பின்பக்கம் கக்கூஸில். பிள்ளைகள் உள்ளே வந்து மறுபடி அழுக்காக்கிவிடுவார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டாய். பெயின்ட் அடித்தவர்கள் ஜன்னலையும் அட்டை வைத்து மூடியிருந்தார்கள். ஆசிட்டை ஊற்றினாய், மேலே பவுடரைத் தூவினாய், நாம் எப்போதும் செய்வதுபோல. நீ வெளியே வந்தபோது கண் இரண்டும் மிளகாய்ச் சிவப்பு. இருமிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாய்: "இன்னிக்கி மருந்து செம காரம்டி. போயி பாரு, மூஞ்சி தெரியுது."

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று நீ கேட்பாய். நான் தண்ணீர் மட்டும் கொடுத்தேன். பெரிய டீச்சர் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். நீ நடந்தே வீட்டுக்குப் போனாய். அடுத்த நாள் மூச்சு வாங்குகிறது என்று மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், அதற்கடுத்த நாள் நீ இல்லை.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். பெரிய டீச்சர் அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். உன் கட்டைவிரல் ரேகை ஒன்று விடாமல் தெளிவாகப் பதிந்திருந்தது. அதிகாரி என்னைக் கேட்டார்: "நீதான் சொல்லிக்கொடுத்தியாம்மா?"

"ஆமாங்க."

"ரெண்டையும் கலக்கக் கூடாதுன்னு சொன்னியா?"

"சொன்னேங்க. அவங்கதான் கேக்கல."

அவ்வளவுதான். பள்ளிக்கூடம் தப்பித்தது, நான் தப்பித்தேன். குற்றம் உன்மேல் விழுந்தது. பேச்சைக் கேட்காமல் செத்தவள் என்று கேட் வரைக்கும் சொன்னார்கள். அப்போது ரீட்டா அதே பள்ளியில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் காதுக்கும் அது போனது. திருமழிசையில் உன் அக்கா வீட்டில் வளர்ந்தாள். அடுத்த வருஷம் என்னை நிரந்தரம் ஆக்கினார்கள்.

ரீட்டாவை என் வீட்டுக்கு மருமகளாகக் கொண்டுவந்தால் என் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை, கூடிவிட்டது. அவள் உன்னை மன்னிக்கவில்லை, அமலு. போன வருஷம் கல்லறையைக் கழுவி மெழுகுவத்தி ஏற்றிவிட்டு உன் சிலுவையைப் பார்த்துச் சொன்னாள்: "அத்தே அவ்ளோ சொல்லிக் குடுத்தாங்களேம்மா. கேட்டிருந்தா இன்னிக்கி என் பக்கத்துல இருந்திருப்பே இல்ல?" நான் பக்கத்தில் தீப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். கம்பெனியில் யாராவது கவனமில்லாமல் மெஷினில் கை வைத்தால், "எங்கம்மா மாதிரி திமிரு புடிச்சி சாவாதீங்க" என்று திட்டுகிறாளாம். பெருமையாக என்னிடமே வந்து சொல்கிறாள். அம்மா செய்ய வேண்டிய சீமந்தத்தை நீங்கதான் செய்யணும் என்கிறாள்.

இன்னொரு கூத்தையும் கேள். இப்போது நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். மூத்த ஆயா, விஷயம் தெரிந்தவள் என்று அழைத்துப் போகிறார்கள். போன மாதம் அம்பத்தூரில் ஒரு பள்ளியில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். நான் வாய் திறப்பதற்கு முன்பே மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஒருவர் வரிசையாக வந்தார். "பாடம் முடியட்டும் சார், அப்புறம் வாங்குங்க" என்றேன்.

"ஏம்மா, சாப்பாடு வந்ததும் பாதிப் பேர் கிளம்பிடுவாங்க. யார்கிட்ட கையெழுத்து வாங்குறது?"

நாற்பது பேரும் வைத்தார்கள். அதற்குப் பிறகு நான் பேசினேன். ஆசிட், பவுடர், புகை என்று ஆவடி அம்மா சொன்னதுபோல மூன்று தடவை சொன்னேன். கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "இன்னாக்கா, இதைக் கேட்டா பர்மனென்ட் ஆக்குவாங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கிளம்பும்போது அந்தப் பள்ளியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பழைய எண்ணெய் டப்பாவில் ஆசிட், மேலே சீட்டு இல்லை. கையுறை ஒன்றும் இல்லை. இனியும் ஒருத்தி உன்னைப் போலச் செத்துப்போவாள். அவளுடைய கைநாட்டும் எங்கேயோ ஒரு பைலில் பத்திரமாக இருக்கும். என் பேச்சால் இது நிற்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அந்தத் தாளைத் திருத்தவும் போனேன். பெரிய டீச்சர் ரிடையர் ஆகிவிட்டார். புது டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "முடிஞ்ச பைல் ஆயாம்மா. இப்பப் போய்க் கிளறினா உன் வேலைக்குத்தான் ஆபத்து" என்றார். பயந்துபோய் வந்துவிட்டேன். உன்மேல் விழுந்த பழி அந்த அலமாரியில் அப்படியேதான் இருக்கிறது, இருக்கும்.

மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் நீ ஒரு கேலி பேசி மன்னித்துவிடுவாய், உன் குணம் அது. அது எனக்கு வேண்டாம்.

ஒரே ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். இந்த இதழ் அச்சாகி வந்து, எவளோ ஒருத்தி படித்து, ரீட்டா காதில் போடக் கூடாது. நாளை ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் அவளை உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து நானே படித்துக் காட்டுகிறேன். உங்கம்மா கேட்காதவள் இல்லை, கேட்டாள், நான்தான் சொல்லவில்லை என்று என் வாயால் சொல்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு அவள் பெட்டியைக் கட்டினால் தடுக்க மாட்டேன். சேவியரும் அவளோடு போனால், போகட்டும். இத்தனை வருஷம் அவள் உன்மேல் வைத்த கோபம் முழுவதும் என்னுடையது, அதை நாளைக்கு அவளிடமிருந்து வாங்கிக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் அவள் என்னை அத்தை என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ. அதனால் சம்பந்தி என்று கையெழுத்தை இன்றைக்கே போட்டுவிடுகிறேன்.

இன்று ஒரு நாள் வரைக்கும்,
உன் சம்பந்தி,
லூர்து.