சாக வேண்டியதும் சாகவில்லை, ராத்தா

என் ராத்தாவுக்கு, உன் சண்டைக்காரத் தங்கச்சியின் ஸலாம்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னை அடக்கிய மையவாடிக்கு வரும்போதெல்லாம் ஓதிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிடுகிறேன். பக்கத்தில் எப்போதும் யாராவது நிற்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்கிறேன் என்று முகத்தைச் சுளிக்காதே. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும்.

கிளமெண்டியில் ஒரே ஆய்வுக்கூடத்தில்தான் இருவரும் வேலை பார்த்தோம். மழைக்காட்டுப் பெராங்கான் மரங்கள்தான் நம் பிழைப்பு. தெருவோரத்தில் வறுத்து விற்கிறார்களே செஸ்ட்நட், அதற்குத் தூரத்துச் சொந்தம். பட்டையை அரிக்கும் பூஞ்சை வந்து மரங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தபோது, காயாமல் நின்ற மரங்களின் விதைகளை நீ பொறுக்கி வந்தாய். நோயைத் தாங்கும் குணம் எந்தக் கன்றுக்கு இறங்கியிருக்கும் என்று மரபணுக்களைப் பார்த்துக் கணித்தாய்.

கணிப்பு சரிதானா என்று பார்ப்பது என் வேலை. கன்றின் பட்டையைச் சின்னதாகக் கீறி, பூஞ்சையை உள்ளே வைத்துக் கட்டிவிட்டுக் காத்திருப்பேன். “நான் பெத்துப் போடுறேன், நீ வந்து வெஷம் வைக்கிற” என்று நீ என்னைத் திட்டாத நாளில்லை.

நீ கடைசியாக வளர்த்த கன்றுகளுக்கு இந்த வருடம்தான் நோய் ஏற்றினேன். கை நடுங்கியது என்று பொய் சொல்லமாட்டேன். நடுங்கவில்லை. நீ சொல்லிவிட்டுப் போன வேலை அது.

வாரங்கள் ஓடின. ஒரு கன்றுகூட வாடவில்லை. கூடத்தில் எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. புக்கிட் பாஞ்சாங் பக்கம் காட்டோரத்தில் நடுவதற்கு இடத்தைச் சுத்தம் செய்யவே ஆரம்பித்துவிட்டார்கள். முதல் கன்றுக்குப் பக்கத்தில் உன் பெயரைப் பலகையில் எழுதி வைக்கலாம் என்றார் எங்கள் தலைவர். நான் கழிவறைக்குள் போய் நின்று அழுதேன்.

அப்புறம்தான் கடைசி வரிசையைப் பார்த்தேன். ஒவ்வொரு சோதனையிலும், நோய் வந்தால் கட்டாயம் செத்துவிடும் என்று தெரிந்த கன்றுகள் சிலவற்றையும் சேர்த்து வைப்போமே, அந்த வரிசை. நாம் ஏற்றிய நோய் வேலை செய்கிறதா என்று காட்டுவதே அவைதான். அவையும் தளதளவென்று நின்றன, ராத்தா. சாக வேண்டியதும் சாகவில்லை என்றால், மற்றவை பிழைத்ததற்கு என்ன அர்த்தம்?

பூஞ்சையைத் திரும்ப வளர்த்துப் பார்த்தேன், அதில் குறையில்லை. பிறகு ஓர் இலையின் அடிப்பக்கத்தைத் தடவினேன். விரலில் வெள்ளையாகப் பூஞ்சைக்கொல்லி மருந்து ஒட்டியது. கன்றுகள் நிற்கும் கண்ணாடிக் குடிலுக்குள் என்னைத் தவிர இன்னும் ஒருவர்தான் போவார். நீ படுக்கையில் கிடந்தபோது உனக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்ற வர ஆரம்பித்தவர். நீ போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் வருகிறார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. வேறு யார், உன் வீட்டுக்காரர்தான்.

நேரே ஜாலான் புசாரில் இருக்கும் அவருடைய இரும்புக் கடைக்குப் போனேன். கடையில் சலீம் மச்சான் யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், கன்னுங்களுக்கு மருந்து அடிச்சீங்களா?”

அவர் மறைக்கவில்லை. “அடிச்சேன். நம்ம கடை ஸ்ப்ரேயர்தான்.”

“யாரைக் கேட்டு அடிச்சீங்க? மொத்த டெஸ்ட்டும் போச்சு லா!”

நான் போட்ட சத்தத்தில் வந்தவர் ஆணி வாங்காமலே போய்விட்டார். மச்சான் தராசில் இருந்த ஆணிகளை டப்பாவில் திருப்பிக் கொட்டினார்.

“உன் ராத்தாவுக்குத்தான் எந்த மருந்தும் கேக்கல, ஜமீலா. இதுங்களுக்காச்சும் கேட்டுச்சே.”

அவரை லிட்டில் இந்தியா பக்கம் கூட்டிப்போய் தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். அவரும் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை. நீ இருந்திருந்தால் எங்கள் இருவரில் யாரை முதலில் திட்டியிருப்பாய்?

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கன்றுகளை நட்டிருப்பார்கள், பலகை வைத்திருப்பார்கள், உன் பெயர் நின்றிருக்கும். என்றாவது ஒருநாள் பட்டை வெடித்து மரங்கள் சாயும்போது, ஒரு கடைக்காரரின் ஸ்ப்ரேயரை யார் நினைக்கப்போகிறார்கள்? ஆனால் காடு மறுபடி மொட்டையாகியிருக்கும். மறுநாள் காலையிலேயே தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நடுவதை நிறுத்திவிட்டார்கள். பலகை வேண்டாம் என்று நானே சொன்னேன். சிலர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

மருந்தின் வீரியம் போகும்வரை காத்திருந்து, போன வாரம் மறுபடி நோய் ஏற்றினேன். நான் கூப்பிடாமலே மச்சான் வந்தார். “தொட்டிய நான் புடிச்சிக்கிறேன், நீ கீறு” என்றார். ஒவ்வொரு கன்றாகப் பிடித்துக்கொண்டார். கத்தி படும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். பிடியை மட்டும் விடவில்லை.

“எல்லாமே செத்துட்டா?” என்று கேட்டார்.

“காட்டுக்குப் போயி திரும்ப விதை பொறுக்குவேன் மச்சான்.”

“நானும் வர்றேன். உன் ராத்தாவுக்கு எழுதுறியே, அதுல இதையெல்லாம் என் பேரப் போட்டே எழுது, ஒளிக்காத.”

எழுதிவிட்டேன். இனி என் பங்குக்கு ஒரு வாக்கு. பிழைப்பதை மட்டும்தான் நடுவேன். ஒன்றுமே பிழைக்கவில்லையென்றால், ஒன்றுமே பிழைக்கவில்லை என்று உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்துப் போட்டே ஆய்வறிக்கையில் எழுதுவேன். உன்மேல் எனக்கு இருக்கும் பாசத்துக்காக ஒரு பொய் மரத்தைக்கூட அந்தக் காட்டில் நடமாட்டேன், ராத்தா.

நீ பெற்றதற்கெல்லாம் விஷம் வைக்கும்,
உன் கூடப்பிறந்தவள்,
ஜமீலா