கண்ணாடிக்குள் பூட்டிய உன் இழைப்புளி

அன்பு மச்சான் சுப்பையா,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அங்கேயும் யாருடைய ஃபேனையாவது கழற்றிப் போட்டுக்கொண்டுதான் இருப்பாய். கொஞ்சம் அதைக் கீழே வை. உன் ஷெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுனாமி முகாமைப் பிரித்தபோது மிஞ்சிய தகரத்தில், நம் தீவின் பத்துபஸ்தியில் நீ கட்டியது அது. ரிட்டயரான ஆம்பிளைகள் வீட்டில் உட்கார்ந்து குழம்பில் குறை சொல்வதைவிட, ஊராரின் குக்கரையும் தையல் மிஷினையும் சரிபார்த்துக் கொடுக்கட்டும் என்றாய். வாசலில் செருப்போடு உத்தியோகத்தையும் கழற்றிப் போடச் சொன்னாய். செருப்பு மட்டும்தான் கழன்றது, மச்சான்.

உன் காரியம் முடிந்த கையோடு சீனியாரிட்டி பார்த்தார்கள். எந்த கிரேடில் ரிட்டயர் ஆனார்களோ அந்த வரிசையில் நாற்காலி. இஞ்சினியராக இருந்த சக்கரவர்த்தி தலைவர். அவர் தலையாட்டாமல் டிரில்லிங் மிஷினை யாரும் தொடக் கூடாது. அவரும் தொடமாட்டார், சட்டை அழுக்காகும். இந்தக் கும்பலுக்குப் பென்ஷனோடு ஒரு மேலதிகாரியையும் மாதாமாதம் அனுப்பியிருக்க வேண்டும். இவர்களை எங்கே தேடிப் பொறுக்கினாய்?

மைக்கேலை நினைவிருக்கிறதா? அலை வந்த அன்று படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவே கால்கள் நசுங்கிப்போன மீனவர். அவர் வீட்டு வாசல் படிகளின் மேல் சக்கர நாற்காலி உருண்டு இறங்க ஒரு சரிவு போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்தாய். பழைய படகின் படாக் மரப் பலகைகளை நீயே இழைத்தும் வைத்தாய். போடுவதற்குள் போய்ச் சேர்ந்தாய்.

அந்தப் பலகைகளில் உனக்கு நினைவு அலமாரி செய்தார்கள். அளந்து அறுக்கக்கூடச் சோம்பல், அதனால் சுவர் நீளத்துக்கு ஒரு அலமாரி. முன்னால் கண்ணாடி, பூட்டு. உள்ளே உன் இழைப்புளி, உளி, ரம்பம். மேல் பலகையில் உன் பெயர், கூடவே 'ஃபோர்மேன், ஓய்வு'. இருந்த நல்ல கருவிகளைப் பூட்டிவிட்டு, வேலை செய்ய ஒன்றுமில்லை என்று சீட்டாடினார்கள்.

மைக்கேலின் மனைவி செலினா வந்து நின்றாள். "சுப்பையாண்ணன் பலகை எடுத்து வச்சிருந்தாகளே. இவுக கோயிலுக்குப் போயி மாசக்கணக்காச்சு. மூட்டை மாதிரி தூக்கவேண்டாம்னு உள்ளயே கெடக்குறாக."

சக்கரவர்த்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "பஹன்ஜி, பஹலே ஃபங்ஷன் ஹோ ஜாயே." முதலில் உன் அலமாரியின் திறப்பு விழா முடிய வேண்டுமாம். செலினா வந்த வழியே திரும்பிப் போனாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

விழாவன்று காலை எல்லோரும் மாலை வாங்கப் போனார்கள். சாவி என்னிடம் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு அலமாரியைப் பிரித்தேன். ஆயுள் முழுக்கக் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். ஆணியைவிடக் கட்டைவிரலில்தான் அதிகம் அடித்தேன்.

மாலையோடு திரும்பியவர்கள் வாயைப் பிளந்தார்கள். "செத்தவருக்கு ஒரு இஸ்ஸத், ஒரு மரியாதை இல்லையா?" என்றார் சக்கரவர்த்தி.

"பலகையோட அந்த முனையப் பிடிங்க" என்றேன்.

பிடிக்கலாமா என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டவில்லை. மாலையைச் சுருட்டிக்கொண்டு போனார், பின்னாலேயே வரிசை குலையாமல் இவர்களும். கடைசியில் செலினாவைப் போய்க் கூப்பிட்டேன், அவள்தான் வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

மைக்கேல் வீட்டுப் படிகளின் மேல் எல்லாம் அடித்த பிறகும் நடுவில் ஒரு பலகை குறைந்தது. மிச்சம் இருந்தது உன் பெயர் செதுக்கியதுதான். "அண்ணன் பேரு மேல சக்கரம் ஏத்தவா? பாவம்ணே" என்றாள். கவிழ்த்துப் போட்டு அடித்தேன். ஃபோர்மேன் பட்டத்தை இனி மண்புழு படிக்கட்டும்.

சரிவு இடப்பக்கம் கோணல். நீ பார்த்தால் காறித் துப்புவாய். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மைக்கேல் யார் கையும் படாமல் தானே உருட்டி இறங்கினார். உன் பலகை மேல் வந்ததும் நிறுத்தி, "சுப்பையா, தாங்கிக்கிடுவியாடே?" என்றார். தாங்கினாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது ஷெட்டில் நானும் செலினாவும்தான். உன் உளியை நான் மொக்கையாக்குவேன், கைப்பிடியை உடைப்பேன். ஆனால் கண்ணாடிக்குள் மட்டும் இனி வைக்க விடமாட்டேன். இது சத்தியம்.

உன் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, உன் கூட்டாளிகளையும் சுமந்த,
உன் மச்சான்