தெருவுக்குப் பத்துப் பேர்

அப்பா,

ஞானஸ்நானப் படிவத்தை நிரப்பப் பேனா தேடி உங்கள் காக்கிப் பையைத் திறந்தேன். வெங்காயச் சருகும் கப்பல் பெயின்டும் கலந்த அந்த வாடை அப்படியே இருந்தது. நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. இந்த மடலை அப்போதே எழுதியிருக்க வேண்டும். பாப்பா பிறந்தபின் எழுதலாம் என்றிருந்தேன். பிறந்தபின், காய்ச்சலா, பால் போதுகிறதா என்று பார்ப்பதிலேயே நாள் ஓடிவிட்டது. இப்போது தொட்டிலில் தூங்குகிறாள். இரண்டு தடவை எழுந்துபோய் அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஞானஸ்நானம். வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைக் கோவிலில் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு கட்டம்தான் காலி. குடும்பப் பெயர்.

என் மாமியாருக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. "ஏளா, பர்னாந்துன்னு போட்டா முடிஞ்சுது. இந்தத் தெருவுல கல்ல எறிஞ்சா பர்னாந்து மேலதான் உழும். புள்ள கூட்டத்தோட கூட்டமா வளரும்" என்கிறார். இவரோ, "ஒனக்கு எது சமாதானமோ அதப் போடு. ஞாயித்துக்கெழம தண்ணி ஊத்தும்போது மட்டும் மாத்திராத" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

எனக்குத்தான் சமாதானம் இல்லை. நம் பெயரில் மிச்சம் இருப்பது நான் மட்டும். என்னோடு பிரோடார் என்ற பெயர் முடிந்துவிடும்.

அந்தப் பெயர் வந்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! உங்கள் தாத்தாவின் அப்பா உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர். இங்கே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார். கடற்கரையில் எல்லோருக்கும் பர்னாந்து, மச்சாது என்று ஒரு பெயர் இருந்தது, அவருக்கு இல்லை. ஞானத்தகப்பனாக நிற்பவரின் பெயரை எடுத்துக்கொள்வது வழக்கம். நிற்க ஒப்புக்கொண்ட பர்னாந்து தோணியில் கொழும்புக்குப் போய், காற்று மாறியதால் திரும்பி வரவில்லை. பங்குச் சாமியார் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சலில் கப்பலைவிட்டு இறக்கப்பட்டுக் கோவில் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரரைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவர் பெயர் பிரோடார். நம் பெயரும் பிரோடார். அடுத்த கப்பலில் அவர் போய்விட்டார். எந்த நாட்டுக்காரர் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. நீங்கள் அவரைக் கேப்டன் என்பீர்கள். அத்தை, "கேப்டனாவது! கப்பல்ல சோறாக்குனவன்" என்பாள்.

ஆறாம் வகுப்பில் புது டீச்சர் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு வந்ததும் தடுக்கி நின்றார். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, "பேரா டீச்சர் அது, கப்பல் சாமான்!" என்றாள். அன்றிலிருந்து நான் 'கப்பல் சாமான்'. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். நாளையிலிருந்து நானும் பர்னாந்து என்றேன்.

நீங்கள் திட்டவில்லை. சைக்கிளில் உட்காரவைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனீர்கள். தூரத்தில் நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பலைக் காட்டினீர்கள். அந்தக் கப்பல்களுக்குக் காய்கறியும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுப்பதுதானே உங்கள் வேலை.

"அந்தா நிக்கில்லா, அதுல உள்ளவன்கிட்டக் கேட்டேன். அவன் சொல்லுதான், அவங்க ஊர்ல பிரோடாரு தெருவுக்குப் பத்துப் பேராம். நம்மளத்தான் இங்கன தனியா உட்டுட்டுப் போயிட்டானுவ."

"நெசமாவாப்பா?"

"பின்ன? பர்னாந்தெல்லாம் அங்கன ஒருத்தன்கூடக் கெடையாது. போனா அவளுவளத்தான் கேலி பண்ணுவாங்க."

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. ஆனால் நான் நம்பினேன். அது போதுமானதாக இருந்தது. முகம் தெரியாத அத்தனை பேர் எனக்குப் பின்னால் நிற்பதுபோல் இருக்கும்.

பையைத் திறந்த அன்று பேனாவுக்குப் பதிலாக ஒரு நோட்டு கிடைத்தது. கப்பல்களில் சாமான் கேட்பதைக் குறித்துக்கொள்ளும் நோட்டு. பக்கத்துக்கு ஒரு கப்பல். தக்காளி, முட்டை, ஐஸ். பல பக்கங்களின் அடியில் உங்கள் கையெழுத்தில் 'இல்லை' என்று ஒரு சொல். எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். ஒரே ஒரு பக்கத்தில் வேறு மாதிரி இருந்தது: 'உண்டு. பல் டாக்டர்.'

நேற்று முருகேசன் மாமா பாப்பாவைப் பார்க்க முருங்கைக்காய்க் கட்டோடு வந்தார். உங்களோடு இத்தனை வருடம் கப்பலுக்குக் காய்கறி ஏற்றியவர் ஆயிற்றே என்று நோட்டைக் காட்டினேன்.

"மாமா, இது என்ன 'இல்லை'? தக்காளி இல்லையா?"

"தக்காளி இல்லேன்னா கப்பல்காரன் உடுவானா? அது ஒங்க பேரு ஏளா. ரஷ்யாக்காரன், போலந்துக்காரன்னு எந்த வெள்ளக்காரன் வந்தாலும், சாமான எறக்குமுன்னே ஒங்கப்பன் தாள்ல பேர எழுதி நீட்டிருவான், ஒங்க ஊர்ல இப்படி யாராச்சும் இருக்காங்களான்னு. அவனுவ இல்லேன்னு தலைய ஆட்டுவானுவ. இவன் எழுதிக்கிடுவான்."

"எல்லாருமா இல்லேன்னாங்க?"

"எல்லாருந்தான். ஒருத்தன் மட்டும், அவங்க ஊர்ல ஒரு பல் டாக்டர் இருக்காருன்னான். அன்னைக்குக் கப்பலடியில நின்னவனுக்கெல்லாம் ஒங்கப்பன் டீ வாங்கிக் குடுத்தான். வாட்ச்மேன் ரெண்டு டீ குடிச்சான்."

நோட்டின் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். பிறகு, "அப்போ தெருவுக்குப் பத்துப் பேர்னு என்கிட்டச் சொன்னது?" என்றேன்.

மாமா தொட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ அழுதுட்டு வந்த மறுநாள்தான் கேக்க ஆரம்பிச்சான். 'புள்ளகிட்டச் சொல்லிட்டேன் அண்ணாச்சி, இனி அது நெசமாகணும்லா'ன்னான்."

அவர் போனபின் போனில் தேடிப் பார்த்தேன். நம் பெயர் ஸ்லோவேனியா, குரோவேஷியா பக்கத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் போலிருக்கிறது. ஆட்களைப் படகில் அக்கரை சேர்ப்பவருக்கு அங்கே அந்தச் சொல். தொழிலிலிருந்து வந்த பெயர். அங்கேயும் அபூர்வமாம், சில குடும்பங்கள்தான். அப்பா, உங்களுக்கு இதெல்லாம் தெரியாமலே போயிற்று. கப்பலுக்கு லாஞ்சுப் படகில் முட்டைக்கோசு மூட்டையின் மேல் உட்கார்ந்து போன உங்களிடம் இதைச் சொல்லியிருந்தால் எப்படிச் சிரித்திருப்பீர்கள்!

ஆனால் எனக்குப் பயம்தான் கூடியது. நான் சாய்ந்து நின்ற அந்தக் கூட்டம் கிடையவே கிடையாது. அப்படியொரு தனிப் பெயரை இவள் தலையில் எப்படி வைப்பது? இவளையும் ஒருத்தி 'கப்பல் சாமான்' என்பாள். நான் உங்களைப்போல் கடற்கரைக்குக் கூட்டிப்போய் வாய் கூசாமல் சொல்லிவிடுவேனா?

இன்னொன்றும் உறுத்துகிறது. ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்து, வயிற்றுப் பிள்ளைக்குப் பர்னாந்து என்றே போடப்போகிறோம் என்று சொன்னேன். "நல்லது மக்கா. கூட்டமா இருக்கும்" என்றீர்கள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

மாமா செருப்பை மாட்டும்போது சொன்னதைத்தான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். "நா இப்பவும் கேக்கேன் ஏளா. அவன் பழக்கிவிட்டுட்டுப் போயிட்டான். போன வாரங்கூட ஒருத்தன்கிட்டத் தாள நீட்டுனேன்."

"என்ன சொன்னான்?"

"இல்லேன்னான். அவன் கெடக்கான்."

நம் பெயருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மனிதர், பெயருக்குரியவர் போன பிறகும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். அப்படியானால் அது தனியாக இல்லை அல்லவா, அப்பா?

மேலே உள்ளதை எழுதி நிறுத்தியபோது பாப்பா விழித்துவிட்டாள். இன்று வெள்ளி. மாலையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். 'பிரோடார் பர்னாந்து' என்று போட்டிருக்கிறேன். மாமியார் பார்த்துவிட்டு, "என்னளா, ரயிலு மாதிரி இழுத்துக்கிட்டுப் போவுது" என்றார். கோபமில்லை. இழுத்து இழுத்து ஒரு தடவை சொல்லியும் பார்த்தார்.

கோவில் அலுவலகத்தில் உபதேசியார் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். ஊருக்குப் புதியவர்.

"பர்னாந்து சரி. முன்னால இது என்னம்மா? இந்தப் பேர்ல எங்கனயாச்சும் ஆளுக இருக்காங்களா?"

'எனக்குத் தெரிந்து நான்தான்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாப்பா என் காதோரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூச்சை இன்றைக்குத்தான் முதல் தடவையாக எண்ணாமல் கேட்டேன்.

"இருக்காங்க சார், அவங்க ஊர்ல தெருவுக்குப் பத்துப் பேர்" என்றேன். "எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பல் டாக்டர்."