காணிக்கைத் தட்டில் ஏழாவது ரொட்டி

அலெக்சாந்திரியா,
பவோபி மாதம் 3

அன்பும் அதட்டலும் நிறைந்த தித்யூமே அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: ரொட்டிக்கடை ஹீராக்ஸின் ஒரே மகன் ஹோரியோனின் மேலுதட்டில் ஏழு முடிகள் முளைத்துள்ளன. இருமுறை எண்ணியாயிற்று.

அடுத்த செய்தி சின்னது. உனக்குப் பிள்ளை பிறந்ததை அப்பாவிடம் சொன்னேன். மாவு பிசைந்த கை நின்றது. "ஆணா, பொண்ணா?" ஆண் என்றேன். "அப்போ அப்பன் பாட்டையேதான் பாடும்" என்று மறுபடி பிசைந்தார். அளவுக்கு மீறிப் பிசைந்தார். அன்றைய ரொட்டியெல்லாம் செருப்பு.

கொப்ரேஸ் அத்தான் படகு வலிக்கையில் 'தேவகுமாரன் இல்லாத காலமும் உண்டு' என்று பாடித்தான் ஆகவேண்டுமா? "குமாரனும் பிதாவைப் போலத் தொடக்கமே இல்லாதவரு. பிள்ள இல்லாம தகப்பன் ஏது? அது இல்லேங்கறவன் வாசல மிதிக்க மாட்டேன்" என்று அப்பா சொல்லி இரண்டு வருடம். கவலையை விடு. ஒரே கேள்வியில் அவரை மடக்கிக் கனோபஸுக்கு, உன் வீட்டுக்கே, அனுப்புகிறேன்.

உன் மீசைக்காரத் தம்பி,
ஹோரியோன்

கனோபஸ்,
பவோபி 9

ஏழு முடிக்காரனுக்கு,

பிள்ளைக்கு அப்பாவின் பெயரையே வைத்தோம். யோசனை உன் அத்தானுடையது. "உங்கப்பாவுக்கு என்னோடதான் சண்ட, பேரோட இல்லையே" என்றார். பாட்டை நிறுத்தும்படி நான் கேட்கமாட்டேன். நம்புவதைத்தான் பாடுகிறார். அப்பாவும் நம்புவதைத்தானே சொல்கிறார்?

நாற்பதாம் நாள் நெருங்குகிறது. பிள்ளையின் தலையில் அப்பாவின் கை பட்டால் போதும். வேறொன்றும் கேட்கவில்லை.

கடிதத்தோடு வரும் இந்த ரொட்டி நான் சுட்டது. அப்பா சம்மதித்தால் ஞாயிறன்று காணிக்கையில் சேரட்டும். இல்லையென்றால் நீயே தின்றுவிடு. குறும்பு கூடாது.

இரண்டு வருடமாக உன் கடிதங்கள்தான் எனக்குப் பிறந்த வீடு. அந்த நன்றியை எழுத எனக்கு வரவில்லையடா.

அக்கா

அலெக்சாந்திரியா,
பவோபி 14

அக்கா,

வெற்றி! குறும்பு கூடாது என்றாய். செய்துவிட்டேன்.

பேரனுக்குத் தன் பெயர் என்பதை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிட்டு, உன் ரொட்டியை அவருடைய ஆறு ரொட்டிகளுக்கு அடியில் செருகினேன். தேவாலய வாசலில் தொண்டர் எண்ணினார். "ஏழு இருக்கே, ஹீராக்ஸ். ஏழாவது யார் பேர்ல வாசிக்க?"

எதிர்த்தரப்பு ரொட்டி என்று தெரிந்தால் அப்பாவின் ஆறும் வீட்டுக்குத் திரும்பும். ஊரே பார்க்கிறது. அப்பா அதைக் கையிலெடுத்தார். ரொட்டி மேல் கீறிய சிலுவைக் கோட்டின் ஓரத்தில், வழக்கம்போல, உன் கட்டைவிரல் பதிவு.

அப்போது நான் மார்பை நிமிர்த்தி முன்னால் போனேன். "அப்பா, பிள்ளை இல்லாம தகப்பன் இல்லேன்னு நீங்கதானே சொல்றீங்க? அக்கா இல்லாம நீங்க எப்படித் தகப்பன்?"

அப்பா தொண்டரைப் பார்த்தார். "எம்பொண்ணு தித்யூமே பேர்ல. பேரன் ஹீராக்ஸ் பேர்ல." மூச்சு வாங்கினார். "மருமகன் கொப்ரேஸ் பேரையும் சேர்த்துக்குங்க."

"அந்தப் பாட்டுப் பாடுறவனா?"

"பாட்டு தப்பு. ஆளு எங்க வீட்டு ஆளு."

தொண்டர் தாடியைச் சொறிந்துவிட்டு எழுதிக்கொண்டார். மூன்று பெயர்களும் பலிபீடத்தின் முன் வாசிக்கப்பட்டன. என் காதால் கேட்டேன். கடவுளுக்கு ஸ்தோத்திரம்.

இக்கடிதம் வரும் படகில்தான் அப்பாவும் வருகிறார், மடியில் கூடையோடு. எப்படியும் உன்னிடம் சொல்லிவிடுவார். அதனால் நானே முந்திக்கொள்கிறேன்: தொண்டர் எண்ணத் தொடங்கியதுமே நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. அப்பாதான், உன் விரல் பதிவைத் தடவியபடி, தன்னையே கேட்டுக்கொண்டார்.

இன்னொன்று. மீசை முடி மூன்றுதான். மீதி நான்கும் அடுப்புக்கரி.

ஹோரியோன்