ஆறரை மணிக் கொடி

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் முப்பது கிலோமீட்டர் பயிற்சி. கடைசி நாலு கிலோமீட்டரை என் வீட்டுக்காரர் நொண்டியே முடித்தார். வீட்டுக்கு வந்து முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, "லேசா பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார். லேசாம்! கைப்பிடியை விட்டு மாடிப்படி இறங்க முடியவில்லை, வாய் மட்டும் குறையவில்லை.

செப்டம்பர் 10, புதன்

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூட்டு தேய்ந்தே போய்விட்டது. அடுத்த மாதம் மூன்றாம் தேதி அறுவை சிகிச்சை. "அப்புறம் நல்லா நடக்கலாம். ஓட்டத்தை மட்டும் மறந்துடுங்க." இவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இருபத்தொண்ணாம் தேதி மாரத்தான். ஓடலாமா?" "வேணாம்னுதான் சொல்வேன். கேக்கவா போறீங்க?" என்று டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

போன இரண்டு வருடமும் ஓடினார். இரண்டு தடவையும் பாதியில், பின்தங்கியவர்களுக்காகக் கடைசியில் வரும் பஸ் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்து இறக்கிவிட்டது. இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய மனுஷன். அது ஆறவே இல்லை அவருக்கு. ஒரே ஒரு மெடல் வேண்டும், இதுதான் கடைசி வாய்ப்பு. எப்படித் தடுப்பேன்?

செப்டம்பர் 13, சனி

இந்த வருடமும் நான் பேசர், குறித்த வேகத்தில் ஓடி மற்றவர்களைக் கூட்டிப் போகிறவள். எனக்குக் கிடைத்திருப்பது கடைசிக் கொடி. அதை முதுகில் கட்டிக்கொண்டு சரியாக ஆறரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் பதினாலு நொடி. முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. என்னை நம்பி வருகிறவர்கள் கூடவே ஓடுவார்கள். நான் கோட்டைத் தாண்டியதும் கடிகாரத்தை அணைத்துவிடுவார்கள். எனக்குப் பின்னால் வருகிறவருக்கு மெடல் கிடையாது.

அவருக்கு ஒரே குஷி. "இருபத்தஞ்சு வருஷமா உன்னை ஒட்டிக்கிட்டுதானே ஓடறேன்? இன்னும் ஒரு ஆறரை மணி நேரம்!"

செப்டம்பர் 20, சனி

மணிக்கட்டில் ஒட்டும் நேரப் பட்டியலை எழுதி முடித்தேன். மனசுக்குள் வேறு கணக்கு ஓடுகிறது. முதல் பத்து கிலோமீட்டரை மட்டும் கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் ஐம்பது நொடியில் போனால், நாலு நிமிடம் கையிருப்பு. கடைசியில் அவர் கால் தடுமாறும்போது உதவும். இது பேசர் செய்யவே கூடாதது என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். ஊருக்குத்தானடி உபதேசம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கொடி சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் சேரவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

எழுதித் தொலைக்கிறேன்.

பத்தாவது கிலோமீட்டரில் நினைத்தபடியே நாலு நிமிடம் முந்தியிருந்தோம். அவர் சிரித்துக்கொண்டுதான் வந்தார். இருபத்தேழில் எங்கள் கூட வந்த கணக்கு டீச்சர் நின்றுவிட்டார். முப்பத்தொன்றில் இவர் கால் இழுக்க ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்தேன். சேர்த்த நிமிடமெல்லாம் ஐந்து கிலோமீட்டரில் கரைந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஆரம்பத்தில் நான் இழுத்த வேகம்தான் அந்த மூட்டைத் தின்றது. வேறு யாரைச் சொல்ல?

முப்பத்தாறாவது பலகையில் கையிருப்பு பூஜ்யம். அவர் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். நானும் நின்றேன். அதட்டினார்.

"நிக்காதே! உன்னை நம்பி ஏழு பேர் வர்றாங்க. ஒருத்தனுக்காக வண்டிய நிறுத்தினா, உள்ள உக்காந்திருக்கவன் என்ன பாவம் பண்ணான்? போ."

போனேன். போய்விட்டேன்! கொடி முதுகில் படபடவென்று அடித்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அப்புறம் தைரியம் வரவில்லை. ஏழு பேரும் முடித்தார்கள். ஒரு பாட்டுக்கார அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

அள்ளும் பஸ் வந்தது. அதில் அவர் இல்லை. "ஏற மாட்டேன்னுட்டார் மேடம், நடந்தே வர்றாராம்" என்றார் டிரைவர். ஒரு மணி நேரம் நின்றேன். சாலையைத் திறந்துவிட்டார்கள், முடிவுக்கோட்டு வளைவைக் கழற்றிவிட்டார்கள். கடைசியில் எதிர்ப்பக்கம் தெரிந்தார். வண்டி ஒன்றுமே வரவில்லை, ஆனாலும் சிக்னலில் சிவப்பு என்று நின்றார் பாருங்கள்! பச்சை விழுந்த பிறகு நொண்டி நொண்டிக் கடந்து வந்து, கோட்டில் போட்டிருந்த விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டார்: "கோடு எங்கப்பா இருந்துச்சு?" அந்த ஆள் காலால் காட்டினார். இவர் அங்கே போய் மிதித்துவிட்டு என்னிடம் வந்தார்.

என் மெடலை நீட்டினேன். "அது கொடிக்குக் குடுத்தது" என்றார்.

செப்டம்பர் 24, புதன்

நான் ரத்தம் எடுக்கும் ஆய்வகத்தில் இன்று ஒருத்தருக்கு இரண்டு தடவை ஊசி குத்தவேண்டியதாயிற்று. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட எனக்கு நரம்பு தவறியதில்லை.

கணக்கு டீச்சர் செய்தி அனுப்பியிருக்கிறார்: "நீங்க சீராத்தான் கூட்டிட்டுப் போனீங்க. என் உடம்புதான் ஒத்துழைக்கல." ஐயோ, திட்டியிருக்கக் கூடாதா? டீச்சருக்கும் மாரத்தான் ஒருங்கிணைப்பாளருக்கும் உண்மையை எழுதி அனுப்பினேன். இனிமேல் எனக்குக் கொடி கிடையாது. சரிதான்.

இவரிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

ஆஸ்பத்திரிப் பையில் துண்டு, பல் பொடி எல்லாம் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். முதல் பத்தை வேகமாகப் போனது, வேண்டுமென்றே போனது, எல்லாம். கேட்டுக்கொண்டே சட்டையை மடித்தார்.

"ரெண்டாவது கிலோமீட்டர்லயே தெரியும்."

"என்னது?"

"இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு வேகம் தெரியாதா?"

"அப்ப ஏன் வாயைத் திறக்கல? சொல்லியிருந்தா குறைச்சிருப்பேனே!"

"எனக்காகத்தான் நீ வேகமா ஓடறேன்னு புரிஞ்சுது. எப்படிடி வேணாம்னு சொல்றது?"

கோபம் வந்தது. அவர் மேலா, என் மேலா? சட்டையைப் பிடுங்கி நானே மறுபடி மடித்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

கட்டிலிலிருந்து கதவு வரை பதினொரு அடி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு இன்று நடந்தார். நர்ஸ் என்னை முன்னால் நின்று கூப்பிடச் சொன்னாள். மாட்டேன் என்றேன். அவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நாலு இடத்தில் நின்றார், நானும் நின்றேன்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கவில்லை.